ஒரு வயது தாண்டாத பிள்ளைகள்: கோயமுத்தூர்ப் பக்கத்துப் பழைய இறப்பு ரிஜிஸ்தரை எப்படிப் படிப்பது

நூறு வருசத்துக்கு முந்தைய முனிசிபாலிட்டி இறப்பு ரிஜிஸ்தரைப் புரட்டுகிறவர்கள் முதலில் எண்ணுவது காரணம் எழுதியிருக்கிற கட்டத்தைத்தான். ஜுரம் இத்தனை, பேதி இத்தனை, 'மற்றவை' இத்தனை என்று கூட்டிப் போட்டுவிட்டு, அந்தக் காலத்தில் குழந்தைகள் பெரும்பாலும் காய்ச்சலில் செத்தன என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளூர் வரலாறு எழுதும் நல்ல கைகளே இதில் வழுக்குகின்றன. அந்தக் கட்டத்தில் இருப்பது நோயின் பெயர் அல்ல. சாவைச் சொல்ல வந்தவர் வாயில் வந்ததும், எழுதுகிற குமாஸ்தாவுக்கு மேலிடம் கொடுத்திருந்த தலைப்புகளும் சேர்ந்து உண்டான ஒன்று.

மேலிடத்துத் தலைப்புகள் ரொம்பக் கொஞ்சம்: காலரா, பெரியம்மை, பிளேக், ஜுரங்கள், சீதபேதியும் வயிற்றுப்போக்கும், சுவாச நோய்கள், காயங்கள், மற்றவை. பிரிட்டிஷ் இந்தியாவின் சுகாதார அறிக்கைகள் எல்லாம் இந்தச் சட்டகத்துக்குள்தான் அடங்கின. பிறந்த ஏழாம் நாள் வாய் பூட்டிச் செத்த பிள்ளையை இதில் எங்கே போடுவது? டாக்டர் யாரும் பார்த்திருக்க மாட்டார். தகப்பனோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து, "மேலு சுட்டுதுங்க, அப்பறம் இழுத்துக்கிச்சு" என்று சொல்லியிருப்பார். குமாஸ்தா 'ஜுரம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நிமோனியாவிலும் உடம்பு சுடும், மலேரியாவிலும் சுடும், தொப்புள் சீழ்பிடித்தாலும் சுடும். பேதியில் தண்ணீர் வற்றிய குழந்தைக்கும் சுடும். ஆக, ஜுரம் என்ற தலைப்பு எதையுமே சொல்லவில்லை.

அதே வரியில் இன்னொரு கட்டம் இருக்கிறது: வயது. அதில் '7 நாள்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஏழு நாள்தான். பிறந்த தேதி வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் பருவம் அது. இந்த வயதை நாள்கணக்கில் பிரித்து அடுக்கினால், காரணக் கட்டம் மறைத்ததில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும்.

பிரிக்கிற முறை இது. ஒரு நாள்கூட முடியாமல் போனவை ஒரு கட்டு. இரண்டு, மூன்று நாள் அடுத்தது. நான்கிலிருந்து பதினான்கு நாள் வரை தனிக்கட்டு. இதை மட்டும் ஒவ்வொரு நாளாகவும் எண்ணி வைக்க வேண்டும். பதினைந்திலிருந்து இருபத்தெட்டு நாள் ஒரு கட்டு. பிறகு ஐந்து மாதம் முடிய, அதன் பிறகு பதினோரு மாதம் முடிய. ஆண், பெண் தனித்தனியாக. மாதவாரியாக இன்னொரு முறை. காகிதச் சீட்டில் செய்தாலும் சரி, எக்செல்லில் செய்தாலும் சரி, இந்த எல்லைகளை மட்டும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கட்டுக்கும் கொலைகாரன் வேறு.

முதல் நாள் சாவுகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே தீர்மானமானவை. குறைமாதம், மூச்சு விடாமல் பிறந்தது, குறுக்கே கிடந்து வெகுநேரம் இழுத்த பிரசவம். பதினான்கு, பதினைந்து வயதில் முதல் பேறு, கொக்கிப்புழுவும் மலேரியாவும் உறிஞ்சிய ரத்தம், ஒன்று பால் மறக்கும் முன் அடுத்தது: இந்தத் தாய்களுக்குப் பிறந்த பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருப்பதில் வியப்பில்லை. அன்று யாரும் எடை போடவில்லை. சின்னப் பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். பிறந்த உடனே குளிப்பாட்டி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு ஓரமாகக் கிடத்தினால், நெருப்புச் சட்டி பக்கத்தில் இருந்தாலும் உடம்புச் சூடு இறங்கிவிடும். துடைத்துத் தாயின் மாரோடு அணைத்து வைத்திருந்தாலே தப்பித்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டில் உண்டு.

நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையுள்ள கட்டுக்கு வருவோம். குறைமாதச் சாவுகள் முதல் நாளில் உச்சத்தில் இருந்து, நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போகும். அப்படிச் சரியாமல், மூன்றாம் நாள் தணிந்து, ஆறு, ஏழு, எட்டாம் நாள்களில் மறுபடி மேடு கட்டினால் அது டெட்டனஸ். தொப்புள் வழியாக ஏறிய ரணஜன்னி. தொப்புள் சீழ்பிடித்து ரத்தத்தில் கலந்த சாவுகளும் இதே நாள்களில் கொஞ்சம் விழும். ஆனால் அவை பரவலாக விழும், இப்படிக் கூராக மேடு கட்டாது.

எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டெட்டனஸ் கிருமியின் வித்து மாட்டுச் சாணத்திலும் குதிரை லத்தியிலும் தெருமண்ணிலும் வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பஞ்சுப் பொதி ஏற்றிய மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடிய கோயமுத்தூர்த் தெருவில் சாணம் இல்லாத அடி கிடையாது. தொப்புள்கொடியை அறுக்க வீட்டில் இருந்த அரிவாளோ, மூங்கில் சிம்போ. வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதால் இந்த வித்து சாகாது. அறுத்த இடத்தில் சாம்பல் வைப்பார்கள், மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைப்பார்கள், சில வீடுகளில் சாணச் சாம்பலே வைப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம்: அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த சாம்பலில் கிருமி இராது. தொழுவத்து ஓரமாகக் குவிந்து கிடந்த சாம்பலில் இருக்கும். அதனால்தான் ஒரே மருத்துவச்சி, ஒரே முறையில் பத்துப் பேறு பார்த்தாலும் எட்டு பிள்ளை பிழைத்து இரண்டு போயிருக்கும். தப்பு முறையில் என்று யாருக்கும் தோன்றாமல், தலையெழுத்து என்று போனது இதனால்தான்.

காற்றுப் புகாத இடம்தான் இந்தக் கிருமிக்கு வேண்டும். காய்ந்து உதிரப் போகிற தொப்புள் தண்டு செத்த சதை. அதன்மேல் எண்ணெயும் பொடியும் அப்பித் துணி கட்டினால் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கிருமி அங்கேயேதான் இருக்கும், அதன் விஷம் மட்டும் நரம்பு வழியே ஏறும். அதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு நாள் பிள்ளை நன்றாகச் சப்பும், நன்றாக அழும். பிறகு ஒரு நாள் மார்க்காம்பை வாயில் வைத்தால் பிடிக்காது. தாடை இறுகும், வாயோரம் இழுக்கும், முதுகு வில்லாக வளையும், தொட்டாலும் சத்தம் கேட்டாலும் விறைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் எட்டு ஒன்பது போய்விடும். இறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் விசாரித்து டெட்டனஸைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் பிற்காலத்தில் வகுத்த அளவுகோலும் இதுதான்: முதல் இரண்டு நாள் சப்பி அழுதது, மூன்றிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் சப்ப முடியாமல் போனது, விறைத்தது. ரிஜிஸ்தரில் தமிழில் எழுதிய பக்கங்கள் கிடைத்தால் இந்த வயதுக்கு நேரே 'இசிவு', 'ஜன்னி', 'தோஷம்', 'செவ்வாப்பு' ஆகிய சொற்களைத் தேடுங்கள். இசிவோ ஜன்னியோ இருந்து, வயது ஏழு எட்டு நாளாக இருந்தால், பெரும்பாலும் டெட்டனஸ் கணக்கில் வைக்கலாம்; மற்ற இரண்டு சொற்களும் வேறு நோய்களுக்கும் வழங்கியவை, அவை மட்டும் போதாது.

இதைத் தடுக்க ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. கத்தரியையும் நூலையும் இருபது நிமிடம் கொதிக்க விடுவது, நகம் வெட்டி சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தொப்புளில் ஒன்றும் வைக்காமல் காயவிடுவது. வைத்தே ஆக வேண்டும் என்றால் அன்று போரிக் பொடி. 1903-இல் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதியின் வேலையே மருத்துவச்சிகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான். கொங்கு நாட்டில் மருத்துவச்சி என்றால் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். கூலியாகப் படி தானியமும் பழைய சேலையும் வாங்கியவர். அவரைக் கரித்துக் கொட்டாத அன்றைய அறிக்கை அரிது. வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல் கை கழுவச் சொன்னபோது படித்த டாக்டர்களே முகம் சுளித்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம். பேறு நடந்த வீட்டுக்காரர் சோப்புக்கும் நூலுக்கும் காசு கொடுக்கவில்லை என்பதும் அந்த அறிக்கைகளில் இருக்க வேண்டிய வரி. தாய்க்கு ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பது வெகு பிந்தி வந்தது. பிரசவத்தின்போது வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015-இல்தான்.

பேற்று அறையில் இன்னும் இரண்டு பழக்கங்கள் ரிஜிஸ்தரில் தடம் விட்டிருக்கின்றன. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் கொடுப்பது ஒன்று. பிறந்த அன்று குழந்தையின் வயிறு ஏழெட்டு மில்லிக்கு மேல் கொள்ளாது; சீம்பால் வருவதும் அந்த அளவுதான். 'பால் ஊறவில்லை' என்று நினைத்துக் கொட்டிய அந்த இரண்டு ஸ்பூனில்தான் குடலைக் காக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. சேனை தொட்டு வைக்கும் விரலோ, ஊர்க்கிணற்றுத் தண்ணீரோ அதற்கு முந்திக்கொண்டது. இன்னொன்று, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் இருமல்கூட வராது, வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்த் தங்கும். ஒரு மாதக் குழந்தையின் 'சுவாச நோய்' என்று எழுதியிருப்பதில் ஒரு பங்கு இந்த எண்ணெய்.

உரமருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் கல்லில் இரண்டு மூன்று சுற்று உரைத்துப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கலக்கிக் கொடுப்பது. ஜாதிக்காய் கூடினால் பிள்ளை மயங்கும், அது உண்மை. ஆனாலும் சாவுக்குப் பெரும்பாலும் மருந்துச் சரக்கைவிடக் கல்லும் தண்ணீரும்தான் காரணம். ஈ மொய்த்த கல்லில், பானையில் கை விட்டு எடுத்த தண்ணீரில் உரைத்தால் எந்தச் சரக்காக இருந்தாலும் ஒன்றுதான்.

ஒரு மாதத்துக்கு மேல் போன கட்டுகளுக்கு வந்தால் கதை தண்ணீரிலும் பாலிலும் இருக்கிறது.

கோயமுத்தூர் மழை மறைவில் கிடக்கிற ஊர். கிணறுகளில் ஊறியது உப்புத் தண்ணீர். நொய்யல் வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் ஊரைச் சுற்றிலும் இருந்தன; ஊர்ச் சாக்கடையும் அவற்றில்தான் போய் இறங்கியது. வீடுகளில் எடுப்புக் கக்கூஸ். அதைச் சுமந்தவர்களின் குடியிருப்பு எங்கே இருந்தது, அவர்கள் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தார்கள் என்று ஒரு தனி ஆராய்ச்சியே செய்யலாம். ரிஜிஸ்தரில் ஜாதி, தெரு இரண்டும் எழுதியிருக்கிற பக்கங்களை அந்தக் கண்ணோடு பாருங்கள். வாளி வண்டியில் ஏறுகிற வரை மலம் திறந்து கிடந்தது. ஈ ஒரு தடவைக்கு நூறு நூற்றைம்பது முட்டை இடும். வெயில் காலத்தில் முட்டை ஈயாக ஒன்பது பத்து நாள் போதும். கோடை மழை இரண்டு பெய்து சாணக்குழி நனைந்த பிறகு வரும் மாதங்களில் பேதிச் சாவு ஏறுகிறதா என்று மாதவாரிக் கணக்கில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இங்கிலாந்தில் 1911-இன் கொடிய வெயிலில் குழந்தைப் பேதிச் சாவு எகிறியது; அங்கேயும் குதிரை லாயமும் ஈயும்தான் நடுவில் நின்றன.

மூன்று கிலோப் பிள்ளையின் கணக்கு வேறு. பெரியவருக்கு முந்நூறு மில்லி பேதி ஒரு பொருட்டே இல்லை. மூன்று கிலோவில் முந்நூறு மில்லி என்றால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பகலில் போய்விடக் கூடிய அளவு அது. கண் குழியும், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும், உச்சிக்குழி உள்ளே இறங்கும். உச்சிக்குழி இறங்கியதையே நோயாக எடுத்துக்கொண்டு அங்கே எண்ணெய் வைத்தார்கள். அதோடு பாலை நிறுத்தி, 'அழுக்குக் கழியட்டும்' என்று விளக்கெண்ணெயும் கொடுத்தார்கள். வற்றிய உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இறக்குகிற வேலை அது. நாட்டு வைத்தியத்தை மட்டும் இதில் குற்றம் சொல்ல முடியாது. இங்கிலீஷ் டாக்டர்களின் அன்றைய முறையும் பட்டினியும் விளக்கெண்ணெயும்தான். ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்தக் கரைசல் 1971-இல் வங்காளத்து அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கில் உயிர் காத்த பிறகுதான் உலகம் நம்பியது. இரண்டு சரக்கும் 1910-லும் எல்லா வீட்டு அடுக்களையிலும் இருந்தன.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும் புட்டிப்பால் பிள்ளையும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒரே விதி இல்லை. பால்காரர் கறந்ததிலிருந்து பிள்ளை வாய்க்குப் போக நாலைந்து மணி நேரம். கோடை வெப்பத்தில் கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலே, நாலு மணி நேரத்தில் ஒன்று இருநூற்றைம்பதுக்கு மேல் ஆகும். காய்ச்சினால் சாகும், ஆனால் காய்ச்சிய பாலில் சேர்க்கும் தண்ணீரைக் காய்ச்சியவர்கள் குறைவு. கலப்படமும் இருந்தது. முனிசிபாலிட்டி ஆள் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பார். நல்ல பாலின் அடர்த்தி 1.028-இலிருந்து 1.032-க்குள் நிற்க வேண்டும். தண்ணீர் விட்டால் அளவு இறங்கும். ஆனால் முதலில் ஆடையை எடுத்துவிட்டால் அளவு ஏறும். ஆடையை எடுத்து, பிறகு தண்ணீர் விட்டால் ஏறினதும் இறங்கினதும் சரியாகப் போய், மீட்டர் 'நல்ல பால்' என்று காட்டும். பிள்ளைக்குப் போனது கொழுப்பும் இல்லாத, சுத்தமும் இல்லாத வெள்ளைத் தண்ணீர். சென்னை மாகாணத்துக் கலப்படத் தடைச் சட்டம் 1918-இல் வந்தது. கொழுப்பை அளந்து பார்க்கும் சோதனை இல்லாமல் லாக்டோமீட்டரை மட்டும் நம்பிய ஊர்களில் அதனால் பயன் குறைவு. டின்னில் வந்த கட்டிப்பாலிலும் மலிவானது ஆடை எடுத்த பாலில் சர்க்கரை கொட்டியதுதான். அது பிள்ளையைக் கொழுகொழுவென்று காட்டும், முதல் பேதியில் கைவிட்டுவிடும்.

ஏன் தாய்ப்பால் இல்லை என்று கேட்டால், கோயமுத்தூரில் மில் பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டேன்ஸ் மில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஓடத் தொடங்கியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. நூல் சுற்றும் ரீலிங், வைண்டிங் பக்கம் பெண்கள். 1922-இன் பாக்டரிச் சட்டப்படி நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடையும் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரம் தாய் வெளியே என்றால் நாலைந்து வேளைப் பால் தவறும். மார் கட்டிக்கொள்ளும், வலிக்கும். கட்டின மாரில் சுரப்பு சில நாளில் குறையும். குறைந்ததும் பாலாடை வரும், பாலாடையோடு பேதி வரும். பிள்ளை அழாமல் கிடக்க அபின் கொடுப்பதும் மில் ஊர்களின் பழக்கம். பம்பாய் மில்களில் வேலை செய்த பெண்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்பட்டது என்று 1922-இல் ஒரு பெண் டாக்டர் அறிக்கை கொடுத்தார். அபின் தின்ற பிள்ளை பசித்தாலும் அழாது, அழாத பிள்ளைக்குப் பால் கிடைக்காது. சென்னை மாகாணத்தில் பேறுகாலச் சலுகைச் சட்டம் 1934-இல்தான் வந்தது. மில் தெருக்களில் ஒன்றிலிருந்து ஐந்து மாதக் கட்டு தடித்திருந்தால் இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளை தவழும், தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும். 'பல் முளைக்கிற பேதி' என்று எழுதியிருப்பது பல்லால் வந்தது அல்ல, தரையால் வந்தது. தாய் மறுபடி உண்டாகிப் பால் வற்றினால் பிள்ளை சவலையாகும். சவலைப் பிள்ளையைத் தட்டம்மையோ கக்குவானோ எளிதாகக் கொண்டுபோகும். இந்த இரண்டு நோய்க்கும் மேலே சொன்ன தலைப்புகளில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க.

கொள்ளைநோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம், அவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். பெரியம்மை மாசி, பங்குனி வெயிலில் ஏறும்; அம்மை குத்தாத பிள்ளைக்கு ஒரு வயதுக்குள் அது வந்தால் பிழைப்பது அரிது. பிளேக் கோயமுத்தூரை உலுக்கியது. 1901-இல் 53,080 ஆக இருந்த ஜனத்தொகை 1911-இல் சுமார் 47,000-க்கு இறங்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் சாட்சி. ஆனால் கைக்குழந்தைகள் பிளேக்கில் நேரடியாகச் செத்ததைவிடத் தாயை இழந்து செத்ததே அதிகம் என்று எதிர்பார்க்க வேண்டும். தாய் சாவுக்குச் சில வாரம் கழித்து அதே வீட்டு எண்ணில் பிள்ளைச் சாவு இருக்கிறதா என்று இரண்டு வரிகளையும் கோத்துப் பார்க்கலாம். 1918 கடைசியில் வந்த இன்புளுயன்சா கர்ப்பிணிகளை அதிகம் கொன்றது; 1919-இல் பிறப்பே குறைந்தது. அந்த இரண்டு வருசத்து விகிதத்தை மற்ற வருசங்களோடு சேர்த்துச் சராசரி போடவே கூடாது.

பெயர்க் கட்டத்தையும் விட வேண்டாம். பெயர் வைக்கும் முன் போனவை 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று இருக்கும். பெயர் இருக்கிற இடத்தில் குப்பன், குப்பாயி, தவிட்டாயி, பிச்சை, மூக்கன் என்று வந்தால், அந்த வீட்டில் முன்னால் பிறந்தவை நிற்கவில்லை என்று பொருள். குப்பைமேட்டில் புரட்டி எடுத்தோ, தவிட்டுக்கு விற்று வாங்கியோ, மூக்குக் குத்தியோ வைத்த பெயர்கள் இவை. ஒரு தெருவில் குப்பன்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது விளையாட்டு இல்லை, அது ஒரு நல்ல அளவுகோல்.

சரி, விகிதம். சூத்திரம் எளிது: ஒரு வருசத்தில் ஒரு வயது நிறையாமல் செத்தவர்களை, அதே வருசத்தில் உயிரோடு பிறந்தவர்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இது 200-ஐ ஒட்டி இருந்தது. 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தில் 150-ஐச் சுற்றி. 2020-இல் தமிழ்நாட்டில் 13 (மாதிரிப் பதிவுக் கணக்கு). குழப்பம் மேலே உள்ள எண்ணில் இல்லை, கீழே உள்ள எண்ணில். சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இலேயே வந்துவிட்டாலும், பிணத்தைப் புதைக்க வேண்டிய கட்டாயத்தில் சாவு பதிவானது. பிறப்பைப் பதிய அப்படி ஒரு கட்டாயம் வீட்டாருக்கு இல்லை.

காகிதத்தில் ஒரு கற்பனைக் கணக்கு. 47,000 பேர் உள்ள ஊர், ஆயிரத்துக்கு 40 பிறப்பு என்றால் 1,880 பிறப்பு. ரிஜிஸ்தரில் 1,300 மட்டும் ஏறி, குழந்தைச் சாவு 390 ஏறியிருந்தால் விகிதம் 300. உண்மையான 1,880-ஐக் கீழே போட்டால் 207. ஒரே சாவு, ஒரே ஊர், விகிதம் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. பம்பாய்க்கு 1921-இல் ஆயிரத்துக்கு 660-க்கு மேல் என்று வந்த எண் பெரும்பகுதி இப்படி வந்ததுதான்: பெண்கள் பேற்றுக்குச் சொந்த ஊர் போனார்கள், பிறப்பு அங்கே ஏறியது, பிள்ளையோடு திரும்பி வந்த பின் சாவு பம்பாயில் ஏறியது. கொங்கு நாட்டிலும் தலைப்பேறு தாய்வீட்டில்தான். அவிநாசியிலோ பல்லடத்திலோ பிறந்து, மூன்றாம் மாதம் கோயமுத்தூர் வந்து செத்த பிள்ளை ஊர்க் கணக்கைக் கெடுக்கும். முதல் மாதச் சாவு குறைவாகவும் இரண்டு முதல் ஐந்து மாதச் சாவு அளவுக்கு மீறியும் இருந்தால் இந்த வரத்துப் பிள்ளைகளைச் சந்தேகியுங்கள்.

வேறு மூன்று இடங்களில் கை பிசகும். மூச்சு இரண்டு விட்டுப் போன பிள்ளையைச் செத்துப் பிறந்ததாக எழுதினால் அது இரண்டு கணக்கிலும் வராது. 'வயது 1' என்பது பல இடங்களில் நடப்பு வயது, அதாவது ஒரு வயது நிறையாதது; பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, பன்னிரண்டில் மட்டும் குவிந்திருந்தால் அந்தக் குவியலைப் பிரித்தாக வேண்டும். மூன்றாவது, பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் பூர்ஷுவா பிஷா 1951-இல் சொன்ன குறுக்குவழி: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சாவுகளை 1.25-ஆல் பெருக்கினால் வெளிக்காரணச் சாவுகள் கிடைக்கும், மிச்சம் பிறவிக் காரணம் என்பது. ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். டெட்டனஸ் மேடு கட்டிய ரிஜிஸ்தரில் போட்டால், அழுக்குக் கத்தி செய்த கொலைகளை எல்லாம் 'பிறவிக் குறை' என்று மன்னித்துவிடும். இங்கே பயன்படுத்தாதீர்கள். கிறித்தவர்களுக்கு மட்டும் சர்ச்சு ஞானஸ்நானப் புத்தகமும் அடக்கப் புத்தகமும் தனியாக உண்டு. பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அடக்கத் தேதி மூன்றும் இருப்பதால் முனிசிபல் ரிஜிஸ்தர் எவ்வளவு விட்டது என்று சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

1930-ஐ ஒட்டிச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. எஸ்.பி. நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கேட்டது, சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் முனிசிபல் தலைவராக இருந்து நடத்தி வைத்தது. இதன் பிறகு குழந்தைச் சாவு குறைந்ததா என்று எல்லோரும் தேடுகிறார்கள். எங்கே தேட வேண்டும் என்பதுதான் விஷயம். குழாய்த் தண்ணீர் முதலில் காலராவைத்தான் அறுக்கும். கைக்குழந்தைப் பேதி அவ்வளவு சீக்கிரம் இறங்காது. தெருக்குழாயில் பிடித்து, பானையில் ஊற்றி, கை விட்டு மொள்ளும் வரை கிருமிக்கு இடம் இருக்கிறது. ஈயும் எடுப்புக் கக்கூஸும் அப்படியேதான் இருந்தன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கட்டில், கோடைக்குப் பிந்திய மாதங்களில், குழாய் போன தெருவையும் போகாத தெருவையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் சிறுவாணி என்ன செய்தது என்று தெரியும். நாலாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை உள்ள மேட்டை எந்தத் தண்ணீரும் தொடாது. அது கரையும் வருசம் எதுவோ, அந்த வருசம் கத்தரி கொதிக்கத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

1930-களுக்குப் பிந்திய பக்கங்களில் பிழை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வரத் தொடங்குவார்கள். பிறப்பு ஊர் ரிஜிஸ்தரில் ஏறும், பிள்ளை கிராமத்துக்குப் போய்ச் செத்தால் சாவு அந்தக் கிராமத்து அதிகாரியான மணியகாரரின் புத்தகத்தில் ஏறும். ஊரின் விகிதம் மளமளவென்று இறங்கியதாகத் தெரியும். அதனால் அந்தப் பத்தாண்டில் விகிதம் போடும் முன், பிறப்புப் பக்கத்தில் பெற்றோர் விலாசக் கட்டத்தைப் பார்த்து வெளியூர்ப் பேறுகளை அடித்துவிடுங்கள். விலாசம் எழுதாத வருசங்களுக்கு விகிதமே போடாமல், நாள்கணக்குக் கட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.